எபாக்ஸிக் கோல் ஏன் குறைவாக நீள்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

காந்தப்புலத்தில் நீளும் உலோகக் கலவையான டெர்ஃபினால்-டியின் தூளை எபாக்ஸிப் பிசினில் வார்த்த கோலை வாங்கியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "முழு உலோகக் கோல் அளவுக்கு இது நீளவில்லையே?" என்பதுதான். நீளாது. பிசின் கலக்காத 50 மி.மீ. டெர்ஃபினால்-டி உலோகக் கோல் சரியான அழுத்தத்தில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் நீளும். எங்கள் கோலில் அதில் பாதியை எதிர்பாருங்கள். பருமனில் பாதி வெறும் பிசின். காந்தத்துக்கு அசையாத அதையும் தூள்மணிகளே இழுத்துக்கொண்டு போகவேண்டும். மணிகளுக்கு இடையே உள்ள பிசின், காந்தப்புலத்தையும் பலவீனமாக்கும். அதனால் கோலைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளுக்குக் கூடுதல் ஆம்பியர் வேண்டும். 50 மி.மீ. நீளச் சுருளில் 500 சுற்று, 5 ஆம்பியர் என்று தொடங்கலாம்.

பிறகு எதற்கு இது? வேகத்துக்கு. 10 மி.மீ. விட்டமுள்ள உலோகக் கோலில் ஒரு கிலோஹெர்ட்ஸைத் தாண்டும்போதே, மாறும் புலம் உலோகத்துக்குள் உண்டாக்கும் சுழல் மின்னோட்டம் அந்தப் புலத்தை நடுப்பகுதிக்குள் நுழையவிடாமல் தடுக்கத் தொடங்கும், கோல் சூடாகும். எங்கள் கோலில் ஒவ்வொரு மணியையும் பிசின் பிரித்து வைத்திருப்பதால் 20 கிலோஹெர்ட்ஸிலும் ஓட்டலாம். உங்கள் வேலை 100 ஹெர்ட்ஸுக்குள் என்றால் உலோகக் கோலே வாங்குங்கள். அது எளிதில் நொறுங்கும், அவ்வளவுதான்.

அளவெடுப்பதில் ஏமாற்றுவது பெரும்பாலும் சூடு. சுருள் 20 டிகிரி சூடேறினால், காந்தமே இல்லாமல் உலோகக் கோல் 12 மைக்ரான் நீளும். பிசின் அதைவிடப் பல மடங்கு விரிவதால் நம் கோல் இன்னும் அதிகம் நீளும். கிடைக்கும் 25 மைக்ரானில் எவ்வளவு காந்தத்துடையது என்று பிரிக்கவே முடியாது. மின்சாரத்தைச் சில விநாடி மட்டும் கொடுத்து, அளந்து, ஆறவிடுங்கள்.

முன்னழுத்தத்திலும், அதாவது புலம் கொடுக்கும் முன்பே கோலை நீளவாக்கில் அழுத்திவைக்கும் விசையிலும், உலோகக் கோலின் கணக்கைப் போடாதீர்கள். பிசின் இறுகி ஆறும்போது சுருங்கி, மணிகளை ஏற்கெனவே நெருக்கிப் பிடித்திருக்கிறது. 10 மி.மீ. கோலுக்கு 16 கிலோ எடையளவு விசையில் தொடங்கி, அளந்தபடியே ஏற்றுங்கள். வார்த்த சூட்டை நெருங்கினால் பிசினின் இந்தப் பிடி தளரும், நீட்சியும் குறையும்.

50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 100 ஹெர்ட்ஸில் அதிர்கிறதா? கோலில் கோளாறு இல்லை. வடதுருவமோ தென்துருவமோ, எது வந்தாலும் அது நீளத்தான் செய்யும். புலம் எப்போதும் ஒரே பக்கமாக நிற்கும்படி சுருளோடு ஒரு நிலைக்காந்தத்தைச் சேர்த்துவிடுங்கள்.

கோலின் தலையில் உள்ள சிவப்புக் கோடு, இறுகும்போது நாங்கள் கொடுத்த புலத்தின் திசை. மணிகள் அந்தத் திசையில்தான் சங்கிலியாகக் கோத்து நிற்கின்றன. குறுக்கே வெட்டி வேறு திசையில் வைத்தால் பலன் இல்லை. வெட்டும்போது தூளை உலரவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் என்றால் தராசில் வையுங்கள். 10 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளத்துக்கு 18.2 கிராம் தூள், 2.3 கிராம் பிசின், மொத்தம் 20.5 கிராம் அருகே நிற்கவேண்டும். ஒரு கிராம் குறைந்தாலே உள்ளே குமிழி இருக்கும். அப்படிப்பட்ட கோலை வெட்டாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்.