பைக்கில் சாய்ந்திருப்பவரையும் உள்ளே கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு டிசம்பர் 1-ம் தேதியும், எய்ட்ஸ் தினம் என்று, நம்ம பேப்பரில் காலேஜ் பிள்ளைகள் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு பேரணி போகிற போட்டோ வந்துவிடும். வரட்டும், தப்பில்லை. நான் எழுத வந்தது வேறு. கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா. ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கர்ப்பிணிகள் வருகிற நாளில் ஏதாவது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே பெஞ்சு நிறைய பெண்கள். எடை, பிரஷர், ரத்தம் என்று ஒவ்வொன்றாக நடக்கும், அந்த ரத்தத்தில்தான் எச்.ஐ.வி. டெஸ்டும். வெளியே வேப்பமரத்தடியில் அவர்களைக் கூட்டிவந்த புருஷன்மார் பைக்கில் சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மரத்துக்கும் லேபுக்கும் நடுவே இருபது அடி இருந்தால் அதிகம். என் சர்வீஸில், தானாக உள்ளே வந்து ‘எனக்கும் எடுங்க சிஸ்டர்’ என்று கையை நீட்டின ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கணவருக்கும் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தான் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடப்பில் மனைவிக்கு பாசிட்டிவ் என்று வந்தபிறகுதான் அவனைத் தேட ஆரம்பிப்போம், அதற்குள் அவன் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறியிருப்பான்.

இதனால் வீட்டில் முதலில் மாட்டுவது பெண்தான். யாருக்கு முதலில் தெரிந்ததோ அவளிடமிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிற ஒரு பொண்ணு. கொட்டையில் இருக்கிற எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும், ரத்தம் எடுக்கக் கையை நீட்டச் சொன்னால் வெட்கப்பட்டு மடக்கிக்கொள்வாள். தலைப்பிரசவம். ரிசல்ட் தெரிந்த வாரமே தட்டு தனி, டம்ளர் தனி. ஏழாம் மாசம் வளைகாப்பு கிடையாது. ‘சீர்வரிசையோட இதையும் சேர்த்துக் கொண்டாந்தியா’ என்று மாமியார் கேட்டது என் காதுபடத்தான். உங்க மகனையும் ஒரு தடவை அனுப்புங்கம்மா என்றால், ‘அவனுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கான்’ என்று பதில். அந்தக் குத்துக்கல் குழந்தைக்கு நாலு மாசம் ஆகும்போது காசநோயில் படுத்தது. அப்போதுதான் அவனுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். நோய் எதிர்ப்பு செல் எண்ணிக்கை அவளுக்கு இருந்ததில் கால்வாசி கூட இல்லை, பல வருஷமாகவே இருந்திருக்கும்மா என்றார் டாக்டர். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று எழுத மாட்டேன், எழுதினால் நாளைக்கு அந்த வேலை பார்க்கிற எல்லாரையும் சந்தேகமாகப் பார்ப்பீர்கள்.

அவளுக்குப் பிரசவம் ஆன இடத்தில் (எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம்) கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எச்.ஐ.வி. என்று எழுதிக் கட்டில் காலில் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி சாயந்தரமே வேறு இடம் கேட்டாள். 2017-ல் போட்ட எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே விடக் கூடாது, புகுந்த வீட்டிலிருந்து அவளை வெளியேற்றவும் முடியாது. இதெல்லாம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

குழந்தை விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நல்ல சேதி. ஒன்றும் செய்யாமல் விட்டால் 100 தாய்மாரில் 15-லிருந்து 45 பேரின் குழந்தைக்குத் தொற்று போய்விடும். தாய் தினம் ஒழுங்காக மாத்திரை எடுத்து, குழந்தைக்குப் பிறந்ததும் சொட்டு மருந்து கொடுத்து, பாலையும் டாக்டர் சொன்ன முறையில் கொடுத்தால் 5-க்கும் கீழே வந்துவிடும். ஆறாவது வாரம் குதிகாலில் லேசாகக் குத்தி ஒரு அட்டையில் ரத்தத்தைப் பொட்டுப் பொட்டாக வைத்துக் காயவைத்து அனுப்புவோம். சாதாரண டெஸ்ட் அந்த வயசில் உதவாது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குழந்தை ரத்தத்தில் இருந்துகொண்டு ஏமாற்றும். கடைசி முடிவு 18 மாசத்தில்தான். அந்தப் பொண்ணு அந்த 18 மாசத்தையும் எப்படித் தள்ளினாள் என்று அவளுக்குத்தான் தெரியும். பையனுக்கு நெகட்டிவ்.

இவ்வளவு தூரம் மனைவிக்குப் பாசிட்டிவ் ஆன வீட்டைத்தான் சொன்னேன். எனக்கு அதைவிடப் பயம், மூன்றாம் மாசம் நெகட்டிவ் என்று எழுதி அனுப்பிவிட்ட வீடுகளைப் பற்றி. புருஷனுக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது, அவளுக்கு ஆறாம் மாசத்திலோ பால் கொடுக்கிற நாளிலோ தொற்றலாம். புதிதாகத் தொற்றிய நேரத்தில் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும், குழந்தைக்குப் போகிற வாய்ப்பும் அப்போதுதான் அதிகம். கர்ப்பிணி அட்டையில் நெகட்டிவ் என்று இருப்பதால் யாரும் மறுபடி திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதன்முதலில் கண்டுபிடித்தது 1986-ல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அன்றைக்கும் ரத்தம் கொடுத்தவர்கள் பெண்கள்தான். இத்தனை வருஷம் கழிந்தும் நாம் முதலில் ஊசியோடு போய் நிற்பது பெண்களிடம்.

கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை, சட்டப்படி சம்மதம் வாங்கித்தான் எடுக்க முடியும். ஆனால் கூப்பிடலாம் இல்லையா? மனைவிக்கு அட்டை போடுகிற அன்றே புருஷனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சர்க்கரை, பிரஷர், ஹீமோகுளோபின், அதோடு எச்.ஐ.வி. என்று மொத்தமாகப் பாருங்கள். சர்க்கரை என்றால் எழுந்து வருவான். புருஷன் ரிசல்ட் வந்தால்தான் மகப்பேறு உதவித்தொகை என்று மட்டும் தயவுசெய்து யாரும் கிளப்பிவிடாதீர்கள், அப்புறம் பணம் வராததற்கும் அவள்தான் அடி வாங்குவாள். கடலூர் அதிகாரிகளுக்கு மட்டும் சொல்லவில்லை, பாண்டியிலும் மரத்தடியில் பைக்குகள் நிற்கத்தான் செய்கின்றன.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘உயிர்க்கொல்லி நோய்’ என்று இன்னும் தலைப்புப் போடுகிறீர்கள். தினம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு முந்திரி உடைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவள் அதைப் படிக்கிறாள். கடலூரிலேயே வாங்கக்கூடிய மாத்திரையைத் தெரிந்தவர் பார்த்துவிடக் கூடாது என்று அவள் பாண்டிக்குப் போய் வாங்கிவருகிறாள், பஸ்ஸில் டப்பா குலுங்கிச் சத்தம் போடக் கூடாது என்று உள்ளே பஞ்சை அடைத்துக்கொண்டு.

கடிதத்தைப் போட்டால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். நர்சம்மா யார் என்று தெரிந்தால் அவள் யார் என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கடலூர் மாவட்டம்