புறப்படும் முன் வரலாற்றைக் கற்பியுங்கள்

தன்னார்வலர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஆண்டு தங்கள் வழியாகக் கென்யா சென்று, மொம்பாசாவுக்கு அருகில் ஒரு பள்ளியில் இரண்டு மாதம் கற்பித்துத் திரும்பியவள் நான். இந்த ஆண்டுக் குழுவுக்கும் ஒரே நாள் பயிற்சிதான், அதுவும் தடுப்பூசி, விசா, பெட்டியின் எடை பற்றித்தான் என்று அறிந்ததால் எழுதுகிறேன். போகும் நாட்டின் காலனிய வரலாற்றையும், நம்மிடமுள்ள நிறவெறியையும் பற்றி ஒரு வாரமாவது கற்பித்த பிறகே பிள்ளைகளை அனுப்புங்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் முதல் வகுப்புச் சிறுமியின் தலைமுடியைத் தொட்டு, "பிரஷ் மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அவளுக்குத் தமிழ் தெரியாது, சிரிப்பு புரிந்துவிட்டது. ஆசிரியையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அந்த ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தம் பாட்டனார் 'கிபாண்டே' என்னும் அடையாளச் சீட்டை உலோகப் பெட்டியில் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது என்று மட்டும் மாலையில் என்னிடம் சொன்னார். ஆப்பிரிக்க ஆண்கள்மீது மட்டும் ஆங்கில அரசு சுமத்திய விதி அது என்பதோ, வெள்ளையருக்குக் கீழும் ஆப்பிரிக்கருக்கு மேலுமாக நம்மவரை அந்த ஆட்சி வைத்திருந்தது என்பதோ அன்று எனக்குத் தெரியாது. 1896 முதல் அங்கே ரயில் பாதை போட ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டதையும், சுமார் 2,500 பேர் மாண்டதையும் காரைக்குடி திரும்பிய பிறகே படித்தேன். அன்று மன்னிப்புக் கேட்கவும் எனக்குச் சொல் வரவில்லை.

நமக்கு இது தொலைதூரக் கதையன்று. எங்களுக்குப் பயிற்சி நடந்த வீட்டின் தூண்கள் பர்மாத் தேக்கு. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகமும் வட்டித்தொழிலும் செய்யப் போனவர்களின் திறமையையும், 1942-இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி அங்கிருந்து நடந்தே ஊர் வந்தவர்களின் துயரத்தையும் பேசுகிறோம். 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, 1937-க்குள் கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம், திருப்பித் தர முடியாத கடனுக்கு ஈடாக, கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கைக்கு வந்ததையும், நிலமிழந்த உழவரையும் பேசுவதில்லை. மணமகள் விளம்பரத்தில் இன்றும் சிவந்த நிறம் கேட்கும் ஊரிலிருந்துதான் பிள்ளைகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறீர்கள். ஒரு நாள் பயிற்சி இதற்குப் போதும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். தங்கள் நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. அடுத்த குழு புறப்படுமுன் அந்த ஒரு வாரத்தை ஒதுக்குங்கள். அந்தப் பள்ளி ஆசிரியர்களையே காணொளியில் பேச அழையுங்கள். பேசுவதற்கு உரிய ஊதியமும் கொடுங்கள். நடந்ததைப் பிள்ளைகள் முன் சொல்ல நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் தன்னார்வலர்,
காரைக்குடி