தோட்டத்துக்குத் தளம் வேண்டாம்

சிவமயம்

அன்பு மகளுக்கு ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடி இழை எடுத்துக்கொண்டோம். நீ இல்லாததுதான் குறை.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பனி கொட்டிக் கிடக்கிற தோட்டத்தில், தொங்குகிற தீனிப்பெட்டியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையை உடைக்கிறதே அந்தச் சிவப்புக் கார்டினல் குருவி, அதை அப்பச்சி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அதே மாதிரி ஒரு பெட்டி இங்கேயும் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அப்புறம், மணிவிழாப் பந்தலுக்கு வசதியாகப் பின்கட்டுத் தோட்டத்தை வழித்துச் சிமெண்டுத் தளம் போடலாம் என்று சித்தப்பா சொன்னதற்கு நீயும் சரி என்றாயாம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

பெட்டி வேண்டாம். கார்டினல் குளிருக்கு ஊர் மாறாத பறவை. பனியில் வேறு இரை கிடைக்காதபோது நீ வைக்கிற விதை அதற்குப் பெரிய ஆதரவு. இங்கே குளிர்காலத்தில் வருகிறவை வேறு வகை. வடக்கே குளிர் ஏற ஏறப் பூச்சி, புழு குறைந்துபோகும். அதைத் தேடித்தான் தெற்கே இறங்கி வருகின்றன. கம்பும் தினையும் வைத்தால் சிட்டுக்குருவி வரும், புறா வரும், அணில் வரும். அவையும் வரட்டும், முற்றத்தில் நெற்கதிர் கட்டித் தொங்கவிடுவதை நான் நிறுத்தவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்தவை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அவற்றுக்குத் தீனி மாமரத்தடிச் சருகில் இருக்கிறது. ஐப்பசி மழையோடு ஆறுமணிக்குருவி வந்து சேர்ந்துவிட்டது. பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இராத்திரி நேரத்தில் பறந்து இவ்வளவு தூரம் வருகிறது. கிணற்றடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், பக்கத்திலேயே சருகு சலசலத்தது. மைனாவைவிடச் சின்ன உருவம், வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். முதுகு பச்சை, தோளில் மின்னுகிற நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஒரு மாவிலையை அலகால் கவ்விப் புரட்டி ஓரமாக எறிந்தது. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றது. இரண்டு தத்தல், அடுத்த இலை. அதற்கு அடியிலிருந்து மண்புழுவை இழுத்து விழுங்கிவிட்டு மறுபடியும் இலை புரட்டப் போய்விட்டது. கீரையை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். விடிகிற நேரத்திலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசில் கொடுக்கும். அதைக் கேட்டதும் அப்பச்சி விளக்கேற்றச் சொல்கிறார்கள்.

சிமெண்டு போட்டுவிட்டால் அது எதைப் புரட்டும், நீயே சொல்.

தண்ணீரும் வைத்திருக்கிறேன். புதர் இல்லாத இடமாகப் பார்த்து, அகலமான மண்சட்டியில், இரண்டு விரற்கடை ஆழம்தான். புதர் இருந்தால் பூனை பதுங்கும். கொசு முட்டையிடாமல் தினமும் கவிழ்த்துத் தேய்த்துவிட்டுத்தான் ஊற்றுவது. சாயங்காலம் வேதிவால் குருவி வரும். கறுப்புத் தலை, வெள்ளை உடம்பு, உடம்பைவிட நீளமாக ரிப்பன் வால். கொய்யாக் கிளையிலிருந்து நேரே சட்டியில் பாய்ந்து நனைந்துவிட்டு, அதே கிளைக்குத் திரும்பிச் சிலிர்த்துக்கொள்ளும். மறுபடியும் பாயும். அந்த நேரத்தில் எனக்கு எந்த வேலையும் ஓடாது.

மாங்குயிலும் வந்திருக்கிறது. முருங்கையில் பழுப்புக் கீச்சான் புரட்டாசியிலேயே வந்து, கறகறவென்று கத்தி இடம் பிடித்துவிட்டது. சைபீரியா, மங்கோலியாப் பக்கத்துப் பறவை அது. வருஷா வருஷம் பழைய இடத்துக்கே திரும்பி வருகிற வழக்கம் அதற்கு உண்டு. அடுத்த புரட்டாசியில் வந்து முருங்கையைக் காணாமல் அது நிற்பதை நினைத்தாலே எனக்கு மனசு கேட்கவில்லை.

சருகில் பாம்பு அண்டும் என்று சித்தப்பா சொல்வது நியாயம்தான். அதனால் நடைபாதையையும் கிணற்றடியையும் நான் தினமும் கூட்டிவிடுகிறேன். மாமரத்தடியும் மதிலோரமும் மட்டும் அப்படியே கிடக்கட்டும். மழைத்தண்ணீர் இறங்கிக் கிணற்றுக்கு ஊறுவதும் அந்த மண்ணில்தான். பந்திக்கு இரண்டாம் கட்டு இருக்கிறது, பந்தலை முகப்பில் போடலாம். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியை 1977-இல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்களே, அங்கே கண்மாய்க்கு வருகிற நாரைக்கும் கொக்குக்கும் ஆகாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. ஒரு ஊரே அவ்வளவு விட்டுக்கொடுக்கிறது. நமக்கு இந்தத் துண்டு நிலம் பெரிதா?

சித்தப்பாவிடம் நீ ஒரு வார்த்தை பேசு. நீ சொன்னால் கேட்பார். மாசியில் மணிவிழா முடிந்த கையோடு ஓடிவிடாமல், பங்குனி வரை இருக்கிற மாதிரி டிக்கெட் போடு. சித்திரைக்கு மேல் வந்தால் ஆறுமணிக்குருவி வடக்கே கிளம்பியிருக்கும். உன் பைனாகுலரையும் எடுத்து வா. மாங்குயில் உச்சிக் கிளையில் உட்கார்ந்தால் அப்பச்சிக்குக் கண்ணில் பிடிபடுவதில்லை.

இப்படிக்கு,
ஆத்தா