அந்தத் தோலையெல்லாம் பதப்படுத்துனது யாரு?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த, அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்துல இருக்கற ஃபோர்ட் பென்டன் ஊரப் பத்துன கட்டுரைய ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன். மிசௌரி ஆத்துல நீராவிப் படகு, தங்கம் தேடி வந்த கூட்டம், சலூன் சண்டைன்னு நல்லாத்தான் போச்சு. ஆனா "யாருமே இல்லாத காட்டுல வியாபாரிங்க உருவாக்குன ஊர்"னு ஒரு வரி வருது பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. யாருமே இல்லன்னா யாருகிட்ட வியாபாரம் பண்ணாங்க?

அது பிளாக்ஃபுட்ங்கற பூர்வகுடி மக்களோட பூமி. தோல் வியாபாரம் பண்ண அமெரிக்கன் ஃபர் கம்பெனி 1847ல இப்ப ஊர் இருக்கற எடத்துக்கு வந்து கோட்டை போட்டதுக்குக் காரணமே அவங்க கொண்டு வர்ற காட்டெருமைத் தோலுதான். குளிர்காலத்துல அடிச்ச எருமைன்னா முடி அடர்த்தியா இருக்கும், அதுக்குத்தான் கிழக்க கிராக்கி. சரி, எருமைய அடிக்கறது ஆம்பளைங்க, அதுக்கப்புறம் அந்தத் தோல இழுத்துக் கட்டி, ஒட்டியிருக்கற சதைய சுரண்டி, எருமையோட மூளையையும் கொழுப்பையும் தேய்ச்சு ஊற வச்சு, கயித்துல போட்டு மெத்துன்னு ஆகற வரைக்கும் இழுத்து இழுத்து, இவ்வளவும் பண்ணது பொம்பளைங்க. ஒரு தோலுக்கே நாள்கணக்குல வேலை. படகுல ஏறுன ஒவ்வொரு கட்டுலயும் அவங்க கை வலி இருக்கு. கட்டுரைல படகு கேப்டனுக்கு ஒரு பக்கம், இவங்களுக்கு அரை வரி கூட இல்ல.

கோட்டைய நிறுவுன அலெக்ஸாண்டர் கல்பர்ட்சன் பேர் மட்டும் மூணு எடத்துல வருது. அவரோட மனைவி நட்டாவிஸ்டா, பிளாக்ஃபுட் கூட்டமைப்புல கைனாய் பிரிவு, தலைவர் வீட்டுப் பொண்ணு. அந்தச் சம்பந்தம் இல்லாம அந்த மனுஷன் அங்க கடை விரிச்சிருக்க முடியுமான்னு தெரியல. 1855ல பிளாக்ஃபுட் மக்களோட அரசாங்கம் ஒப்பந்தம் போட்டப்பவும் இந்த ரெண்டு பேரோட உதவி தேவைப்பட்டுச்சு.

1860ல சிப்பேவா படகு அங்க வந்து சேர்ந்தத நீங்க எழுதுனது சரிதான். ஆனா படகெல்லாம் ஏன் அங்கயே நின்னுச்சுன்னு சொல்லல, அதுக்கு மேல போனா பெரிய அருவிங்க, படகு ஏறாது. ஊரோட ஜாதகமே அவ்வளவுதான், சரக்கு எறங்கியே ஆகணும்!

விஸ்கி வியாபாரத்த ஏதோ வீரக்கதை மாதிரி எழுதியிருக்கீங்க, அது எனக்குப் பிடிக்கல. 1869ல இந்த ஊர் ஆளுங்கதான் எல்லை தாண்டி கனடா பக்கம் ஃபோர்ட் வூப்-அப் போட்டு சாராயத்துக்குத் தோல் வாங்குனாங்க, அது எத்தனை குடும்பத்த அழிச்சுதோ. 1874ல அத அடக்க கனடாவோட குதிரைப் போலீஸ் வந்துச்சு, அந்தப் போலீஸுக்கு சாப்பாட்டு சாமான் சப்ளை பண்ணது யாருன்னு நெனைக்கறீங்க, ஃபோர்ட் பென்டன்ல இருந்த ஐ.ஜி.பேக்கர் கம்பெனி! வியாபாரின்னா இப்படித்தான் இருக்கணும் போல.

1882ல கிராண்ட் யூனியன் ஹோட்டல தடபுடலா தொறந்தாங்க, மறு வருஷமே மொன்டானா வழியா ரயில் பாதை முழுசா போட்டு முடிச்சாச்சு, எருமையும் கிட்டத்தட்ட தீந்து போச்சு.

நட்டாவிஸ்டா அதுக்கெல்லாம் முன்னாடியே கல்பர்ட்சன விட்டுட்டு கனடால இருந்த தன் ஜனங்ககிட்டயே போயிட்டாங்க. கட்டுரையோட ரெண்டாம் பாகம் வரப்போகுதுன்னு போட்டிருக்கீங்க, அதுலயாவது அந்தம்மா பேர ஒரு தடவ போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர் ஒருத்தர்