அந்தப் பனியை அப்படியே விட்டுவிடு

அன்புள்ள கண்ணம்மா,

பனி மூடிய ஏரியை நீ எடுத்து அனுப்பிய புகைப்படங்கள் வந்து சேர்ந்தன. எடுத்தபடியே ஒன்று, திருத்தியது ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்து நேற்று இரவு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கப் போகச் சொல்லி உன் அம்மா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

திருத்திய படத்தில் அக்கரை மரங்களின் கிளைகளை எண்ணிவிடலாம். முதல் படத்தில் அந்த மரங்கள் இருக்கின்றனவா, இல்லையா என்று ஒரு தயக்கம் இருந்தது. அது இதில் போய்விட்டது. படம் திருத்தும் மென்பொருளில் மூட்டத்தை நீக்கும் கருவியை நீ நன்றாக இழுத்துவிட்டாய் என்று நினைக்கிறேன். தூசியும் புகையும் மறைத்த காட்சிக்கு அது நல்ல கருவிதான். ஆனால் நீ இருட்டோடு எழுந்து குளிரில் போய் நின்றது அந்த மூட்டத்துக்காகத்தானே? அதையே ஏன் துடைத்தாய்?

பனிக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார். உனக்கும் மரத்துக்கும் நடுவே கோடிக்கணக்கான நீர்த்துளிகள் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. மரம் தள்ளிப் போகப் போக நடுவில் துளிகள் கூடுகின்றன; அதன் கருமைமேல் வெண்மை ஏறிக்கொண்டே போகிறது. எது அருகில், எது தொலைவில் என்று கண்ணுக்குச் சொல்வது அந்த வெளிறல்தான். அக்கரை மரத்தைக் கறுப்பாக்கியதும் அது இக்கரைக்கு வந்துவிட்டது. உன் ஏரியில் இப்போது அகலமே இல்லை.

ஓவியர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். ஜப்பானில் ஹசெகாவா தோஹாகு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மடிப்புத் திரைகளில் பைன் மரங்களை வெறும் மையால் தீட்டினார். திரையின் பெரும்பகுதியில் தூரிகையே படவில்லை. ஒன்றும் வரையாமல் விட்ட அந்தத் தாள்தான் பனி. உன் படத்தின் நடுவே இருக்கும் வெள்ளைப் பரப்பை வெற்றிடம் என்று நினைத்து அதில் எதையாவது வரவழைக்கப் பார்க்கிறாய். அதைத் தொடாதே.

திருத்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனே 1899 முதல் 1901 வரை மூன்று முறை லண்டனுக்குப் போய்த் தேம்ஸ் ஆற்றின் மூட்டத்தைத் தீட்டினார். அங்கே தொடங்கிய ஓவியங்களை ஊர் திரும்பித் தன் கூடத்தில் மறுபடி மறுபடி தீட்டி, 1904இல்தான் காட்சிக்கு வைத்தார். ஆற்றங்கரையில் பார்த்தது ஒரு நிமிடம். அதன் மனநிலையைப் பிடிக்க ஆண்டுகள் தேவைப்பட்டன. நீயும் அவசரப்படாதே.

எடுக்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளைக் கோழியைக் காட்டினாலும் கறுப்புக் கோழியைக் காட்டினாலும் கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் இரண்டையும் சாம்பல் கோழியாகத்தான் பார்க்கும். இது தெரியாத வயதில் ஒரு விடியற்காலையில் முழு ஃபிலிம் ரோலையும் மீட்டர் சொன்னபடியே எடுத்தேன். கழுவிப் பார்த்தால் பனி அத்தனையும் அரிசி கழுவிய நீர்போல மங்கிக் கிடந்தது. அன்று பார்த்த ஒளி எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அதனால் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டி வை; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாகும். படத்தின் கருமை இடப்புறமும் வெண்மை வலப்புறமுமாக விழும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு நடுவுக்கு வலப்புறம் நிற்கட்டும், ஓரச் சுவரில் மட்டும் முட்டக் கூடாது. இடப்புறம் காலியாக இருக்கிறதே என்று பதறாதே. பனியில் முழுக் கறுப்பு கிடையாது. நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு வை. இல்லையென்றால் விடியலின் நீலத்தை அது சரிசெய்கிறேன் என்று எடுத்துவிடும். ஃபோகஸ் பிடிபடாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தால், அருகில் இருக்கும் ஒரு மரத்தின் விளிம்பைக் கொடு.

இருட்டறையில் நான் வைத்திருந்த கம்பி உனக்கு நினைவிருக்கிறதா? அதன் நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு வட்டமாக வெட்டிய அட்டை ஒட்டியிருக்கும். ஃபிலிமைத் தாளில் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் வெளிச்சத்துக்கும் தாளுக்கும் நடுவே அதை ஆட்டிக்கொண்டே இருப்பேன். நிழல் விழும் இடம் மட்டும் வெளிறும். ஓயாமல் ஆட்ட வேண்டும். ஒரு நொடி நின்றாலும் வட்டத்தின் விளிம்பு தாளில் பதிந்துவிடும். உன் கணினித் தூரிகைக்கும் அதே பக்குவம்தான் வேண்டும். படம் முழுவதற்கும் கான்ட்ராஸ்ட்டை, அதாவது கருமை வெண்மை வேறுபாட்டை, கூட்டாதே. அருகில் இருப்பதற்கு மட்டும், விளிம்பு தெரியாத பெரிய தூரிகையால், கொஞ்சமாகக் கருமை கொடு. தொலைவில் விளிம்புகளை எடுப்பாக்கும் கிளாரிட்டியைச் சற்றே குறைத்துப் பார், மரங்கள் நீர்வண்ணத்தில் கரைந்ததுபோல் ஆகும். நிழலில் துளி நீலம், வெளிச்சத்தில் துளி மஞ்சள். அதற்கு மேல் வண்ணம் வேண்டாம். முடியும்வரை நிறப் படிகள் அதிகம் உள்ள 16 பிட் கோப்பிலேயே வேலை செய். 8 பிட்டில் இழுத்தால் பனியின் மெல்லிய ஏற்றத்தாழ்வு படிக்கட்டுபோல் உடைந்துவிடும். கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசியையும் தேடிப் பார். வெள்ளைப் பரப்பில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

மறுபடி போவதானால், மழை பெய்து ஓய்ந்து, இரவில் வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய மறுநாள் விடியலில் போ. நிலம் வெப்பத்தை வானுக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்திருக்கும். ஈரக்காற்று அதன்மேல் பனியாகத் திரளும். சூரியன் ஏறியதும் கலையத் தொடங்கும். பலரும் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பும் நேரம் அது. நீ கிளம்பாதே. வெளிச்சத்துக்கு எதிராக நின்று, நீண்ட லென்ஸில் பார். மரவரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வரும்.

போவதற்கு முன் ஒரு வேலை. உன் முதல் படத்தில், இடது ஓரத்தில், நீரிலிருந்து ஒரு மரக்கம்பம் எட்டிப் பார்க்கிறது. அதன் உச்சியில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. நீ அதைக் கவனித்தாயா என்று தெரியவில்லை, திருத்தியதில் வெட்டிவிட்டிருக்கிறாய். முதல் படத்தை மறுபடி எடுத்து, அந்தக் கம்பத்தையும் பறவையையும் மட்டும் கொஞ்சம் கருமையாக்கி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா