கூரையைப் பற்றிச் சில விவரங்கள்

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்பு போலவே இருக்கிறது. தனியாக எழுதும்படி வேறு செய்தி இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ ஒரு குழுவை அழைத்துக்கொண்டு பல்லாவரம் மலைமீதுள்ள பல்லவர் குடைவரையைக் காட்டிக்கொண்டிருந்ததாக எதிர்வீட்டு மாமி சொன்னார். தெளிவாகப் பேசினாய் என்றும், வயதில் மூத்தவர்கள்கூடக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள் என்றும் அவர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. மலையடிவாரத்திலிருந்து நம் தெரு எவ்வளவு தூரம் என்பது அவருக்கும் தெரியும். அதை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த அந்த ஐந்து கருவறைகளையும், கல்லில் வெட்டிய அவனுடைய விருதுப் பெயர்களையும் நீ விளக்கியிருப்பாய். ஆனால் இன்று அது தர்கா என்பதை மறந்துவிடாதே. பொறுப்பில் இருப்பவர்களிடம் முன்னதாகச் சொல்லிவிட்டு, தொழுகை நேரத்தைத் தவிர்த்து அழைத்துப் போ. வெயில் ஏறுவதற்குள் எல்லோரையும் கீழே இறக்கிவிடு.

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் இதே பல்லாவரத்துப் படைத்திடலுக்கு அருகே சரளைக் குழியில் பழைய கற்காலத்துக் கற்கோடரியைக் கண்டெடுத்த கதையையும், 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று நோக்கி 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கிய கதையையும் நீ சிறுமியாக இருந்தபோது நான்தான் உனக்குச் சொன்னேன். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த நில அளவைக்கு அந்தக் கோடே முதல் கோடு. உன்னோடு வருபவர்கள் இவற்றைத்தான் விரும்பிக் கேட்பார்கள், அதில் தவறு இல்லை. ஆனால் அரசன் குடைந்ததும் ஆங்கிலேய அதிகாரி அளந்ததும் மட்டுமே புறநகரின் வரலாறு என்று அவர்கள் எண்ணிக்கொண்டு வீடு திரும்பினால், பாதியைத்தான் காட்டியிருக்கிறாய் என்று சொல்வேன்.

மறுபாதி ரயிலோடு வந்தது. 1931-இல் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான், பட்டணத்தில் வேலை பார்த்துக்கொண்டே இவ்வளவு தொலைவில் குடியிருக்கலாம் என்ற துணிச்சல் மாதச் சம்பளக்காரர்களுக்கு வந்தது. கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறியதும், குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையைச் சுற்றிக் குரோம்பேட்டை எழுந்ததும் இந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான். உன் கொள்ளுத்தாத்தா மனை வாங்கியதும் அப்படித்தான். நிலையத்துக்கு நடந்து போகும் தூரம் என்பதற்கு மேல் அவர் வேறு எதையும் பார்க்கவில்லை என்று பாட்டி சொல்வார். அந்தக் காலத்து வீடுகளில் நின்றுகொண்டிருப்பவை மிகச் சில. நம்முடையது அவற்றில் ஒன்று என்பதை உனக்கு எழுத வேண்டியதில்லை.

நீ கட்டடக்கலை படித்தவள், ஆயினும் நம் கூரையைப் பற்றி ஒருமுறையும் என்னிடம் கேட்டதில்லை என்பதால் எழுதுகிறேன். அது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மீது ஓரங்குலக் கனமே உள்ள சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, படுக்க வைக்காமல் நிறுத்தி, மூலைவாட்டாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டுக் கொடுப்பதில்லை, முந்தின செங்கலே அடுத்த செங்கலைப் பிடித்துக்கொள்ளும். அது இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. அதற்கும் மேலே தட்டை ஓடுகளைப் பதித்து, மழைநீர் ஒரு பக்கமாக ஓடும்படி வாட்டம் கொடுத்து முடிப்பார்கள். சித்திரை வெயிலில் நம் கூடத்தில் நீ தரையில் படுத்துப் பாடம் படித்தாயே, அது இந்தக் கனத்தினால் கிடைத்த குளிர்ச்சி.

இத்தகைய கூரை கெடுவது பெரும்பாலும் கட்டையின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில்தான். வெடிப்பைக் கண்டவுடன் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட, தேக்கானாலும் மெல்ல இற்றுப்போகும். சுண்ணாம்பு வெடிப்பைச் சுண்ணாம்பால்தான் அடைக்க வேண்டும். இதை உன் குழுவினரிடம் சொல், அவர்களில் யாருக்காவது பழைய வீடு இருக்கலாம். உன் அண்ணனிடமும் சொன்னேன். சதுர அடிக் கணக்கைத் தவிர வேறு எதையும் கேட்கும் நிலையில் அவன் இல்லை.

ஏரியையும் விட்டுவிடாதே. பெரிய ஏரியின் நடுவே 200 அடிச் சாலை போகிறது என்பதைக் காட்டினால் போதும், மற்றதை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

நீ அனுப்பிய சம்மதப் பத்திரம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருந்தது, உறைக்குள் வேறு ஒரு வரியும் இல்லை. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. முன்பின் தெரியாதவர்களின் வீட்டுத் திண்ணை இடிக்கப்பட்டதற்காக நாளிதழில் நீ எழுதிய கட்டுரையை அம்மா கத்தரித்து வைத்திருக்கிறாள். நானும் இரண்டாம் முறையாகப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். இந்த வீட்டுக்கு அப்படி நீண்ட கட்டுரை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணனிடம் நான் பேசியிருப்பேன். சரி என்று சொல்லியிருந்தாலும் எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். இரண்டில் எது உன் மனத்தில் இருந்தது என்று தெரியாமல் அந்தக் காகிதத்தை யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, அண்ணனுக்குத் தெரியாது.

மரம் வாங்குபவர் ஒருவர் வந்து உத்திரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு விலை சொல்லிப் போயிருக்கிறார். தை பிறந்ததும் மீண்டும் வருவதாகச் சொன்னார். நம் கூரையை முறையாக அளந்து வரைந்தவர் இதுவரை யாருமில்லை. அடுத்த முறை மலைக்கு வரும்போது அளவு நாடாவையும் வரைபடத் தாளையும் எடுத்துக்கொண்டு வா. குழுவோடு வருவதானாலும் சரிதான், அம்மா எல்லோருக்கும் மோர் கொடுப்பாள். ஏணி எதிர்வீட்டில் இருக்கிறது, கேட்டு வாங்கி வைக்கிறேன். மாடிப்படியின் மேல் விளிம்பில் ஒரு கல் ஆடுகிறது, பார்த்து ஏறு. எதுவானாலும் வெயிலுக்கு முன் மலையிலிருந்து இறங்கிவிடு.

அன்புடன்,
அப்பா