அந்த நாணயத்தை யார் நகர்த்தியது: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "கணக்கே உதைக்குதுண்ணா, அதுக்கு மேல பேச என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். பேச நிறைய இருக்கிறது. போனில் நீ என்னை எதையும் முழுசாகச் சொல்ல விடுவதில்லை, அதனால் எழுதுகிறேன். பிறவியிலேயே விசித்திர சக்தி கொண்டவர்களைப் பற்றிய எக்ஸ்-மென் படங்களுக்கு முன்கதையாக (ப்ரீக்வல்) வந்த 'எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ்' பழைய படங்களோடு ஒத்துப்போகவில்லை என்பதுதான் உன் புகார். அது 2011-ல் வந்த நாளிலிருந்து ரசிகர்கள் நம்மைப் போலவே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். உன் கட்சிக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

முதலில் உன் பக்க நியாயம். 2000-ல் வந்த முதல் படத்தில், தனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது எரிக்கை, அதாவது இரும்பை அசைக்கும் மேக்னெட்டோவை, சந்தித்ததாகப் பிறர் மனதைப் படிக்கும் சேவியரே சொல்கிறார். சக்தி உள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் செரிப்ரோ இயந்திரத்தைக் கட்ட எரிக் உதவினான் என்பதும் அந்தப் படத்திலேயே வருகிறது. ஃபர்ஸ்ட் கிளாஸிலோ இருவரும் வளர்ந்த ஆண்களாக, 1962-ல், இருட்டுக் கடலுக்குள் முதன்முறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அதில் செரிப்ரோவை வடிவமைத்தவன் ஹேங்க் என்ற இளம் விஞ்ஞானி. 2006 படத்தின் தொடக்கத்தில், 'இருபது வருடங்களுக்கு முன்' என்று போட்டு, சேவியர் எரிக்கோடு ஜீன் என்ற சிறுமியின் வீட்டு வாசலுக்கு நடந்து போகிறார். 2009-ன் வுல்வரின் படத்தின் முடிவிலும் நடந்துதான் வருகிறார். இந்தப் படத்திலோ 1962 அக்டோபரிலேயே அவர் கால்கள் போய்விடுகின்றன. மிஸ்டிக் என்று நாம் அறிந்த ரேவன் அவரோடு ஒரே வீட்டில் தங்கையைப் போல வளர்ந்தவள் என்பதற்குப் பழைய மூன்று படங்களில் ஒரு சுவடும் கிடையாது. எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. 2014-ல் வந்த படம் காலத்தையே திருப்பிப் போட்டு இதையெல்லாம் சரிக்கட்டியதே என்று சொல்லித் தப்பிக்கவும் மாட்டேன். ஒட்டுப்போட்டது பிறகு. 2011-ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கிழிசல்தான் தெரிந்தது.

நீ சொல்லாமல் விட்ட ஒன்றையும் நானே சொல்கிறேன். படம் 1944-ல், போலந்தில் ஒரு வதைமுகாமின் வாசலில் தொடங்குகிறது. மழை, சேறு, பெற்றோரிடமிருந்து பிரித்து இழுக்கப்படும் சிறுவன், அவன் கை நீண்டதும் முறுக்கிக்கொண்டு வளையும் இரும்புக் கதவு. 2000 படத்தின் முதல் காட்சி இதுதான். அதை ஏறக்குறைய ஷாட் ஷாட்டாகத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். இது அதே கதை, அதே பையன் என்று பார்ப்பவனுக்குக் கொடுக்கும் வாக்கு அது. வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் கோபம் வரத்தான் செய்யும். உன் கோபத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை.

ஆனால் ஒரு ப்ரீக்வலின் வேலை கணக்கை நேர் செய்வதா? இங்கேதான் நாம் பிரிகிறோம். நேர் செய்யப்பார்த்த படம் ஒன்று நம் கண்முன்னாலேயே இருக்கிறது. 2009-ன் வுல்வரின் படம், கையிலிருந்து நகங்கள் நீளும், தன் கடந்தகாலமே மறந்துபோன மனிதனின் முன்கதை. அந்தத் தோல் ஜாக்கெட் எப்படி வந்தது, பைக் எப்படி வந்தது, நகங்களில் உலோகம் எப்படி ஏறியது, எல்லாவற்றுக்கும் அதில் பதில் உண்டு. ஞாபகம் ஏன் போயிற்று? தலையில் ஒரு அடமான்டியம் (அந்தக் கதையில் வரும் உடையாத உலோகம்) குண்டு. அவ்வளவுதான். 2003 படத்தில் தான் யாரென்றே தெரியாமல் ஒரு கைவிடப்பட்ட ஆய்வுக்கூடத்தில் தடவித் தடவி நடந்த வுல்வரினை, ஹ்யூ ஜாக்மேனை நினைத்துப் பார். அந்தத் தெரியாமைதான் அந்த மனிதன். அதற்கு ஒரு குண்டை விடையாகக் கொடுத்ததும் ஆளே சுருங்கிப்போனான். அந்தப் படத்தைப் பார்த்தபிறகு பழைய படங்கள் எனக்குக் குறைந்தன. ஃபர்ஸ்ட் கிளாஸைப் பார்த்தபிறகு பழைய படம் கூடியது. என் அளவுகோல் இது ஒன்றுதான்.

சரி, மூலத்துக்கு விசுவாசம் என்கிறாயே, எந்த மூலம்? 1963-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் எக்ஸ்-மென் காமிக்ஸின் முதல் இதழைக் கொண்டுவந்தபோது மேக்னெட்டோ வெறும் வில்லன். வதைமுகாம் கிடையாது, அம்மா கிடையாது, சேவியரோடு நட்பு கிடையாது. கிறிஸ் கிளேர்மான்ட் எழுத வந்த பிறகு, 1981-ல், 150-ஆவது இதழில்தான் அந்தக் கடந்தகாலம் அவனுக்குக் கிடைக்கிறது. இருவரும் இளமையில் நண்பர்களாக இருந்தார்கள் என்பது அதற்கும் அடுத்த வருடம் வந்தது. நீ உயிராக நினைக்கும் மேக்னெட்டோ, பதினெட்டு வருடம் கழித்து ஒருவர் பின்னால் போய் எழுதிச் சேர்த்த மேக்னெட்டோ. சேர்த்ததால்தான் அவன் மனிதனானான்.

நம்மிடமும் இது புதிதில்லை. வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தொடாமல், இருந்த சாலையோடும் நிலத்தோடும் பெயர்த்தெடுத்துப் போகிறான். உன் கணக்குப்படி அதுவும் உதைக்கும். "அது வேற ஆள் எழுதின வேற நூல், இது ஒரே கம்பெனி படம்" என்று நீ சொல்வாய், தெரியும். சொல், ஒத்துக்கொள்கிறேன். வேறாகச் சொல்வதாலேயே ஒரு கதை பொய்யாகிவிடாது என்பதை மட்டும் நீ ஒத்துக்கொள்.

இப்போது நாணயத்துக்கு வருகிறேன். உன்னோடு இதைத்தான் பேச நினைத்தேன், நீ பேசவிடவில்லை.

மேசைமேல் ஒரு நாணயம். எதிரே சிறுவன் எரிக். அந்தப் பக்கம் வில்லன் ஷாவாக நடிக்கும் கெவின் பேகன், சிரித்த முகமாக, சாக்லேட் வேண்டுமா என்று கேட்கிறான். நாணயத்தை நகர்த்து என்கிறான். பையனால் முடியவில்லை. அம்மாவைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டு மூன்று வரை எண்ணுகிறான். பையன் இரண்டு கையையும் நீட்டி, முகமெல்லாம் இழுத்துக்கொண்டு முயல்கிறான். நாணயம் அசையவில்லை. அம்மாவைச் சுடுகிறான். அதற்குப் பிறகு அந்த அறையில் இருக்கும் இரும்பெல்லாம் நசுங்குகிறது. மேசைமணி, அலமாரி, காவலர்களின் தலைக்கவசங்கள். நாணயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துப் பையனின் கையில் வைக்கிறான்.

அதே நாணயம் பதினெட்டு வருடம் கழித்து நீர்மூழ்கிக் கப்பலுக்குள் வருகிறது. வளர்ந்த எரிக்காக இப்போது ஃபாஸ்பெண்டர். எதிரி ஷா அசைய முடியாமல் சிலையாக நிற்கிறான், ஏனென்றால் தூரத்தில், நொறுங்கிய விமானத்தில் இருந்தபடி சேவியர் அவன் மனதைப் பிடித்து வைத்திருக்கிறார். எரிக் எதிரியின் கவசத்தைத் தன் தலையில் மாட்டிக்கொள்கிறான். இனி சேவியரின் குரல் அவனுக்குள் வராது. அவன் மூன்று வரை எண்ணுகிறான். நாணயம் மெதுவாக, மிக மெதுவாக நெற்றிக்குள் போகிறது. அந்தப் பக்கம் சேவியராக நடிக்கும் மெக்அவாய் கத்துகிறார். பிடித்திருக்கும் மனதின் வலி முழுதும் அவருடைய வலி. விட்டால் வலி நிற்கும், ஆனால் விட்டால் ஷா விடுபட்டு எல்லாரையும் கொல்வான். அதனால் விடவில்லை.

தம்பி, இதைக் கொஞ்சம் யோசி. கொலையே கூடாது என்று படம் முழுக்கச் சொன்னவர்தான் கொல்லப்படுபவனை அசையாமல் பிடித்துக்கொடுக்கிறார். அந்த நாணயம் இருவர் கையாலும் நகர்கிறது. பழைய படங்களில் சேவியர் எரிக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் குரலில் ஒரு குற்றவுணர்ச்சி இருப்பதாக எனக்குத் தோன்றும். எங்கிருந்து வருகிறது என்று பதினோரு வருடம் தெரியாமல் இருந்தது. 2011-ல் தெரிந்தது.

அதற்கும் முன்னால் மாளிகைத் தோட்டத்தில் ஒரு காட்சி. தூரத்தில் பிரம்மாண்டமான ஒரு சாட்டிலைட் டிஷ். திருப்பு என்கிறார் சேவியர். கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு எரிக் முயல்கிறான், முடியவில்லை. சேவியர் உன் மனதுக்குள் வரலாமா என்று அனுமதி கேட்டு நுழைகிறார். எரிக்கே தொலைந்துபோனதாக நினைத்திருந்த ஒரு ஞாபகத்தை எடுத்துக் கொடுக்கிறார்: அம்மா, பண்டிகை இரவு, மெழுகுவர்த்தி ஏற்றும் சின்னப் பையன். இருவர் கண்ணிலும் நீர். டிஷ் முனகிக்கொண்டு திரும்புகிறது. எரிக் குழந்தை மாதிரி சிரிக்கிறான். அந்தச் சக்தியால்தான் பிறகு நீர்மூழ்கிக் கப்பலைக் கடலிலிருந்து தூக்குகிறான், அமெரிக்க, சோவியத் கப்பல்கள் விட்ட ஏவுகணைகளை விட்டவர்கள் பக்கமே திருப்புகிறான். கற்றுக்கொடுத்தவர் கடற்கரையில் நின்று வேண்டாம் என்று கெஞ்சுகிறார். அந்தக் கப்பல்களில் இருப்பவர்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிபவர்கள்தானே என்று சொல்லித் தடுக்கப் பார்க்கிறார். வதைமுகாமிலிருந்து வந்தவனிடம் சொல்லக்கூடாத ஒரே சொல் அது. இவ்வளவு புத்திசாலியின் வாயில் அந்த நேரத்தில் அது வருகிறது பார், அங்கேதான் நட்பு உடைகிறது. சி.ஐ.ஏ.-வைச் சேர்ந்த மொய்ரா எரிக்கை நோக்கிச் சுட, அவன் தட்டிவிட்ட குண்டு சேவியரின் முதுகில் பட்டது அதற்குப் பிறகுதான்.

பதினேழு வயதில் சந்தித்தார்களா, முப்பதில் சந்தித்தார்களா என்ற கேள்வி இந்தக் காட்சிகளுக்கு முன்னால் எனக்குச் சின்னதாகிவிடுகிறது. உனக்கு ஆகவில்லையென்றால் ஏன் என்று சொல்.

மற்றபடி குறைகள் உண்டு. 2010-ன் பிற்பகுதியில் படப்பிடிப்பு தொடங்கி 2011 ஜூனில் வெளியிட்டார்கள், அந்த அவசரம் ஹேங்கின் நீல ரோம மேக்கப்பில் தெரிகிறது. கடைசியில் ஃபாஸ்பெண்டரின் பேச்சில் அவர் வளர்ந்த அயர்லாந்து எட்டிப்பார்க்கிறது. இதையெல்லாம் விட்டுவிடு. நீயும் உன் கட்சியும் கைவைக்காத பெரிய குறை வேறு இருக்கிறது.

டார்வின். எந்த ஆபத்துக்கும் தன் உடலை மாற்றிக்கொண்டு பிழைப்பவன், அதுதான் அவன் சக்தியே. சேவியர் சேர்த்த பிள்ளைகளில் செத்துப்போகிறவன் அவன் ஒருவன்தான், அதுவும் படத்தின் நடுவிலேயே. அந்தக் குழுவில் இருந்த ஒரே கறுப்பின ஆணும் அவன்தான். வெள்ளையரல்லாத இன்னொருத்தியான ஏஞ்சல் அதற்குச் சில நிமிடம் முன்புதான் எதிரி பக்கம் போகிறாள். மிச்சமிருக்கும் மாணவர்கள் யார் என்று பார்த்தாயா?

படத்தின் உச்சக்கட்டம் நடப்பது 1962 அக்டோபரில். கியூபா ஏவுகணை நெருக்கடியின் அந்தப் பதின்மூன்று நாட்களை எடுத்துக்கொண்டு, கென்னடியின் உண்மையான தொலைக்காட்சி உரையையே காட்டுகிறார்கள். அதே அக்டோபர் 1-ஆம் தேதி ஜேம்ஸ் மெரிடித் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். அதற்கு முந்தின இரவு அங்கே வெடித்த கலவரத்தில் இரண்டு பேர் செத்தார்கள். அதே கென்னடிதான் படையை அனுப்பினார். பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்கள் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கும் கதை, அதே நாட்டில், அதே மாதத்தில் நடக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உண்மையான கணக்கு உதைப்பது இங்கேதான். இயக்குநர் மேத்யூ வான் மேல் எனக்கு வருத்தம் உண்டென்றால் இதில்தான். இவ்வளவு நல்ல படம் இதைக் காணாமல் போனது எனக்கு இன்னும் வலிக்கிறது.

மொய்ரா விஷயமும் அப்படித்தான். எரிக்கின் மனதுக்குள் போக அனுமதி கேட்டவர், உன் மனதைப் படிக்கமாட்டேன் என்று ரேவனுக்கு வாக்குக் கொடுத்தவர், கடைசியில் மொய்ராவின் ஞாபகத்தைக் கேட்காமலே அழித்துவிடுகிறார், ஒரு முத்தத்தோடு. பிறகு அவள் அதிகாரிகள் முன் உட்கார்ந்து எதுவும் நினைவில்லை என்று சொல்ல, அந்த ஆண்கள் அவளை மட்டமாகப் பேசுகிறார்கள். சேவியர் செய்தது தப்பு என்று படத்துக்குத் தெரிந்திருக்கிறதா? ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டு வேறு வேறு முடிவுக்கு வருகிறேன். எரிக்குக் கொடுத்த மரியாதையை அவளுக்கு அவர் கொடுக்கவில்லை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். 2000 படத்தின் கடைசிக் காட்சியை மறுபடி போட்டுப் பார். பிளாஸ்டிக் சிறைக்குள் எரிக்காக இயன் மெக்கெல்லனும் சேவியராக பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஃபர்ஸ்ட் கிளாஸில் கடற்கரைக்கு முந்தின இரவு மாளிகையில் ஆடியதும் அதே ஆட்டம்தான். பழைய படத்தில் அந்தக் காட்சி வந்தபோது சக்கரநாற்காலியை நான் கவனிக்கக்கூட இல்லை. இப்போது எதிரே உட்கார்ந்திருப்பவன் அதைப் பார்க்கிறானா, பார்க்காமல் இருக்கிறானா என்றுதான் என் கண் போகிறது. உனக்கு எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு எழுது. போன் வேண்டாம்.

டார்வினைப் பற்றியும் எழுது. இத்தனை வருடச் சண்டையில் நீ அவன் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அன்புடன்,
அண்ணன்